வடசென்னை ரோட்டுக்கு ஐரோப்பிய செடான்: புதுசா, பழசா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, வேலை மணலி. வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகிற பெண். மாதம் ஒரு தடவை வேலூர். எஸ்யூவி வேண்டாம்; தெருவில் நிறுத்தினால் நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒரு ஐரோப்பிய செடான்தான் வேண்டும். கையில் ஆன்ரோடு 18 லட்சம். புது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா எடுப்பதா, அதே காசுக்குப் பத்து வருட பிஎம்டபிள்யூ 3 சீரிஸோ மெர்சிடிஸ் சி-கிளாஸோ எடுப்பதா, நடுவில் ஸ்கோடா ஆக்டேவியா என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி?

நான் மாதவரம் பக்கம் ஐரோப்பிய வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன். வண்டி வாங்கும் முன் செக் பண்ணிச் சொல்லும் வேலையும் உண்டு. அதனால் பதிலை முதலிலேயே சொல்கிறேன். புதுசு என்றால் விர்டஸ் அல்லது ஸ்லாவியாவில் 1.0 லிட்டர் ஆட்டோமேட்டிக். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அதே வண்டி, இரண்டு மூன்று வருடம் ஓடியது. பழைய ஆக்டேவியா நல்ல வண்டி, ஆனால் எந்த இன்ஜினுக்கு எந்த கியர்பாக்ஸ் என்று பார்த்து எடுக்க வேண்டும். பத்து வருட 3 சீரிஸ், சி-கிளாஸ் உங்களுக்கு வேண்டாம். வீட்டில் இன்னொரு வண்டி இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இதற்கான காரணம் வண்டியில் பாதிதான். மீதிப் பாதி நம்ம ஏரியாவில் இருக்கிறது.

ஷோரூமில் குதிரைத்திறன் பற்றித்தான் பேசுவார்கள். 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) 115 பிஎஸ், 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ் என்றதும் யாருக்கும் மனசு 1.5 பக்கம்தான் போகும். ஆனால் உங்கள் வண்டி ஓடப்போவது எங்கே? காலையில் டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் ஹை ரோடு, இல்லையென்றால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். சரக்கு ரயில் வருகிறது என்று கேட் போட்டுவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிக்கலாம். மெட்ரோ வேலை முடிந்து 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்த பிறகு டி.எச். ரோடு கொஞ்சம் மூச்சு விட்டது உண்மை. ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி பக்கமும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் நின்றதுதான். அந்த வரிசைக்குப் பக்கத்தில் நாலடி நகர்ந்து, நின்று, மறுபடி நாலடி நகர்ந்து போகிற வேலையை எந்த கியர்பாக்ஸ் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

1.5 ஆட்டோமேட்டிக்கில் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி. கம்பெனி பெயர் டிக்யூ200. இதில் இரண்டு கிளட்ச், இரண்டுமே ஆயிலில் மூழ்காத உலர் வகை. ரோடு காலியாக இருந்தால் கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு அருமை. ஊர்ந்து போகும்போது கதை வேறு. நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கி வண்டியை நகர்த்தும். அந்த வழுக்கலில் வருகிற சூட்டை எடுத்துப்போக அங்கே ஆயில் கிடையாது. நாளடைவில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் உதறல் வரும். கிளட்ச்சை இயக்குகிற மெக்கட்ரானிக் யூனிட் தனிக் கதை. 2013 வாக்கில் உலகம் முழுக்க இந்த வகை கியர்பாக்ஸுகளில் சிந்தடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன் குழுமம். இப்போது வருவது எவ்வளவோ தேறியிருக்கிறது, வாரண்டியும் இருக்கிறது. ஆனாலும் தினமும் கன்டெய்னர் வரிசையில் நிற்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

1.0 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. நாலடி நகர்வதில் தேய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சூடானாலும் ஆயில் இழுத்துக்கொள்ளும். 178 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை, இருக்கிறது. அஞ்சு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு புழல் பைபாஸ் ஏறி வேலூர் போவதற்கு இது தாராளம். டர்போ பிடிக்கும் முன் ஒரு நொடி யோசிக்கும், அது பழகிவிடும். வாரத்தில் நாலு நாள் நெடுஞ்சாலை என்றிருந்தால் 1.5 எடுங்கள் என்றிருப்பேன். மாதத்துக்கு ஒரு வேலூருக்காக 1.5 தேவையில்லை. கிளட்ச் மிதிக்கத் தயார் என்றால் 1.5 மேனுவல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது விருந்து.

விர்டஸா, ஸ்லாவியாவா என்று அடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் புனே பக்கம் சாக்கனில் ஒரே தொழிற்சாலையில் ஒரே பிளாட்ஃபார்மில் வருகிறவை. டிக்கி இரண்டிலும் 521 லிட்டர், தரை இடைவெளி இரண்டிலும் 179 மில்லிமீட்டர். 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. என் கண்ணுக்கு விர்டஸ் முகம் அழகு, ஸ்லாவியா பின்பக்கம் அழகு. உங்கள் மனைவி எதைச் சொல்கிறாரோ அதை எடுங்கள்.

அந்த 179 மில்லிமீட்டர் சாதாரண விஷயமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு, பெயிண்ட் அடிக்காமல் விட்ட ஸ்பீடு பிரேக்கர் நம்ம பக்கம் தெருவுக்கு ஒன்று. 3 சீரிஸும் சி-கிளாஸும் ஐரோப்பிய ரோட்டுக்குத் தாழ்வாக இறக்கிச் செய்தவை. அஞ்சு பேர் ஏறினால் அடிவயிறு உரசும் சத்தம் உங்கள் வயிற்றில் கேட்கும். அகலமும் பாருங்கள். ஸ்லாவியா 1752 மில்லிமீட்டர். கடைசியாக இங்கே தயாரான ஆக்டேவியா 1829, இப்போதைய 3 சீரிஸும் கிட்டத்தட்ட அதே அகலம். ஏழு சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் பழைய வண்ணாரப்பேட்டை சந்தில் எதிரே ஒரு மீன்பாடி வண்டி வரும்போது ஓட்டிப் பார்த்ததில்லை.

சரி, பழைய பெரிய வண்டிகளுக்கு வருவோம். புது 3 சீரிஸ், சி-கிளாஸ் எல்லாம் ஷோரூம் விலையே அறுபது லட்சத்தை ஒட்டி. பத்து வருடம் ஓடியது உங்கள் 18 லட்சத்துக்குள் தாராளமாக வரும். புரோக்கர் சொல்வார்: "சார், டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே ஓனர், ஷெட்ட விட்டு வெளிய எடுத்ததே இல்ல." வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் ஹெட்லைட், ஏசி கம்ப்ரசர், சஸ்பென்ஷன் ஆர்ம் இவற்றின் விலை இறங்கவே இல்லை. அறுபது லட்ச வண்டியின் பார்ட்ஸை அறுபது லட்ச வண்டியின் விலைக்கேதான் நீங்கள் வாங்கியாக வேண்டும்.

இரண்டு மூன்று உதாரணம் சொல்கிறேன். 2015 வாக்கு வரைக்கும் வந்த 3 சீரிஸ் டீசலான 320டி-யில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். அதன் டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்து ஸ்டார்ட் பண்ணும்போது கரகரவென்று சத்தம் வந்தால், அதை மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், பல சமயம் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். செயினுக்கு ஆகும் செலவைவிடக் கூலி அதிகம். அதற்குப் பிறகு வந்த பி47 இன்ஜின் எவ்வளவோ மேல். ஆடி ஏ4-இல் 2010-ஐ ஒட்டி வந்த 1.8 பெட்ரோல், பிஸ்டன் ரிங் கோளாறால் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கிற பழக்கம் இல்லையென்றால் பக்கத்தில் போகாதீர்கள். அடுத்தது டயர். 3 சீரிஸில் பெரும்பாலும் ரன்-ஃப்ளாட் டயர். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும், நல்ல விஷயம்தான். ஆனால் சைட்வால் கல்லு மாதிரி இருக்கும்; குழியில் விழுந்தால் அடி முழுக்க ரிம்மும் சஸ்பென்ஷனும் வாங்கும். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் கம்பித் துண்டும் ஆணியும் கிடக்காத நாள் இல்லை. அந்த டயரைக் காற்றில்லாமல் ஓட்டிவிட்டால் பஞ்சர் போடக்கூடத் தயங்குவார்கள், மாற்றச் சொல்வார்கள்.

பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனால் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கதவு, பம்பர், கண்ணாடி கிடைக்கும், நாங்களே வாங்குகிறோம். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் அந்தக் கதை நடக்காது. இந்த வண்டிகளில் பல யூனிட்டுகள் அதனதன் சேசிஸ் நம்பரோடு கட்டப்பட்டவை. வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் கம்பெனி கம்ப்யூட்டரில் கோடிங் பண்ணாமல் வேலை செய்யாது. சிலது கோடிங் பண்ணினாலும் செய்யாது. கம்பெனி சர்வீஸ் சென்டரோ பெரும்பாலும் கிண்டி, அம்பத்தூர் பக்கம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு.

ஆக்டேவியாவை நான் ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நம்ம ஊர்க்காரனுக்கு ஐரோப்பிய வண்டியின் ருசியைக் கட்டுப்படியாகிற விலையில் காட்டியது அதுதான். 2001-லிருந்து இங்கே இருக்கிற பெயர். கதவு சாத்துகிற அந்தச் சத்தத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு. 2013-க்குப் பிறகு வந்த தலைமுறையில் மூன்று கூட்டணி: 1.4 பெட்ரோலுக்கு ஆறு கியர் மேனுவல்; 2.0 டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு ஆயிலில் மூழ்கிய ஆறு கியர் டிஎஸ்ஜி, 1.8 பெட்ரோலுக்கு, மேலே திட்டினேனே, அதே உலர் கிளட்ச் ஏழு கியர். ஓட்டிப் பார்த்தால் மயக்குவது 180 பிஎஸ் கொண்ட 1.8தான். நம்ம டிராஃபிக்குக்கு நான் சொல்வது 1.4 மேனுவல். டீசல் வேண்டுமென்றால் 2.0, ஆனால் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்க வேண்டும். பில் இல்லை, "மாத்திட்டோம் சார்" என்ற வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். 2021-இல் வந்து, கடைசியாக இங்கே தயாரான ஆக்டேவியாவில் 190 பிஎஸ் 2.0 பெட்ரோல், ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி. 2023-இல் புது மாசு விதி வந்தபோது நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றிலும் சிறந்தது அது, ஆனால் பெரும்பாலும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிப் போகும்.

ஒன்று கவனியுங்கள். ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததோடு இந்தியாவில் டீசலைக் கைவிட்டுவிட்டது. பெட்ரோலில் 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானவற்றில் பல இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இ20தான். பழைய வண்டி எடுத்தால் ஃப்யூயல் லைன், ரப்பர் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் சர்வீஸில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்க மாட்டோம். வண்டிக்கடைக்காரர்களோ மறக்கத்தான் சொல்வார்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வீட்டு வாசலில் நின்றபடியே முழுகிய வண்டிகள் எத்தனை! கணேசபுரம் சப்வே பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதிய வண்டி ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒருவர் எடுத்து, சீட்டைக் கழற்றிக் காயவைத்து, புது மேட் போட்டு, பாலிஷ் பண்ணிக் கொண்டுவந்து நிறுத்துவார். ஐரோப்பிய வண்டியில் இது இரட்டை ஆபத்து. பல மாடல்களில் பேட்டரியும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். சைலன்சர் முழுகாத அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தாலும் வயரிங்குக்குள் ஈரம் போயிருக்கும். வாங்கிய மறுநாள் ஒன்றும் தெரியாது. ஆறாவது மாதத்தில் ஒரு நாள் கதவு தானாக லாக் ஆகும், இன்னொரு நாள் ஏர்பேக் லைட் எரியும்.

எப்படிப் பார்ப்பது? நான் சீட் பெல்ட்டிலிருந்து ஆரம்பிப்பேன். நாலு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்கள். யாரும் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அடியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு நிற்கும். அடுத்து முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்து, சீட்டுக்கு அடியிலிருக்கும் மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் அதோடு எழுந்து வந்துவிடுங்கள். டிரைவர் காலடி கார்ப்பெட்டை விரலால் அழுத்துங்கள். அதன் கீழிருக்கும் பஞ்சு காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, குழியின் ஓரத்தில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஏசியை உள்காற்று சுழற்சியில் ஐந்து நிமிடம் வையுங்கள். சென்ட் வாசனை தூக்கலாக வந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

காகிதத்தில் பிடிக்கிற வழியும் ஒன்று உண்டு, பலருக்கு இது தெரியாது. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று நோ கிளெய்ம் போனஸ் ஏறிக்கொண்டே போகும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் பூஜ்யம். 2023 வரைக்கும் 35 இருந்து, 2024 பாலிசியில் பூஜ்யம் என்றால், நடுவில் மிக்ஜாம் இருக்கிறது. போன வருடம் ஒருவர் இப்படித்தான் ஒரு ஜெர்மன் செடானைக் கொண்டுவந்தார். வெளியே பார்த்தால் கண்ணாடி. பாலிசியில் திடீரென்று பூஜ்யம். விற்பவர் "பம்பர் ஸ்கிராட்ச்" என்றார். ஸ்கேனர் போட்டோம்; ஒரே தேதியில் பன்னிரண்டு யூனிட்டுகளில் வோல்டேஜ் கோளாறு பதிவாகியிருந்தது. பம்பர் உரசலுக்கு ஏர்பேக் யூனிட் ஏன் அழப் போகிறது?

ஸ்கேனர் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மீட்டரைத் திருப்பினால் முன்னால் தெரியும் எண் மட்டும்தான் மாறும். கியர்பாக்ஸ், இன்ஜின் என்று வேறு யூனிட்டுகளிலும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகும் வண்டிகள் இவை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கிற, உங்களுக்கு வண்டி விற்காத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

கடல் காற்றைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பாடியைப் பொறுத்தவரை இந்த வண்டிகளின் தகடு துத்தநாகம் பூசியது, சீக்கிரம் துருப்பிடிக்காது. காசிமேடு, ராயபுரம், எர்ணாவூர் வண்டிகளில் நான் பார்ப்பது கீழே: சப்ஃப்ரேம் போல்ட், சஸ்பென்ஷன் நட்டு, எர்த் ஒயர் முனை, முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நின்ற பிறகு ராயபுரத்துப் பெயிண்ட் பிழைத்தது. எண்ணூர், மணலி பக்கம் சாம்பல் இன்னும் இறங்குகிறது. உங்கள் ஆபீஸ் மணலியில் என்பதால் சொல்கிறேன், காலையில் காய்ந்த துணியால் துடைக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சாம்பல் உப்புத்தாள் மாதிரி பெயிண்ட் மேலிருக்கும் கிளியர்கோட்டைத் தேய்த்துவிடும். முதலில் தண்ணீர் அடித்து இறக்கிவிட்டு அப்புறம் துணி. கறுப்புக் கலர் அழகுதான். துடைக்க ஆள் வைத்திருக்கிறவர்களுக்கு.

இனி காசு. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு மேற்பட்ட செடான்களுக்கு செஸ் போய், ஒரே 40 சதவீத ஜிஎஸ்டி. முன்பு 1.0, 1.5 பெட்ரோல் செடானுக்கு எல்லாம் சேர்த்து 45. இது நமக்கு லாபம். ஆனால் தமிழ்நாட்டு ஆயுள் வரி 2023 நவம்பரிலேயே ஏறிவிட்டது: பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. ஷோரூம் விலை 14 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஆயுள் வரி மட்டும் 2,52,000. இதோடு ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் பிடித்துக் கட்டுகிற வருமான வரி), அதாவது 14,000. அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸும் சேர்ந்தால் 17 லட்சத்தைத் தாண்டும். எனவே உச்ச மாடலுக்கு ஆசைப்படாமல் நடு மாடலோடு நின்றுகொள்ளுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி போட்டிருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள். இன்சூரன்ஸை வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

இன்சூரன்ஸில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: இன்ஜின் புரொடெக்ட். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் சாதாரண பாலிசி கையை விரிக்கும். வடசென்னைக்காரன் சன்ரூஃபைத் தியாகம் பண்ணலாம், இதைப் பண்ணக்கூடாது. புது வண்டி என்றால், முழு நஷ்டமானாலும் பில் விலையைத் தருகிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையது எடுத்தால் ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதுதான் உண்மையான மிச்சம். ஆனால் அது தமிழ்நாட்டு நம்பருக்கு மட்டும். டெல்லி வண்டி, பாண்டிச்சேரி வண்டி என்று இரண்டு மூன்று லட்சம் குறைத்துக் காட்டுவார்கள். டெல்லியில் பழைய டீசலுக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து தெற்கே தள்ளிவிடுகிறார்கள். வாங்கினால் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று), மறுபதிவு, இங்கே மறுபடி வரி, அந்த ஊரில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைவது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநில நம்பரில் இங்கே வைத்திருக்கவும் கூடாது. கணக்குப் பார்த்தால் அந்தக் குறைந்த விலை போன இடம் தெரியாது. வடசென்னையின் டிஎன் 03, 04, 05 நம்பர்களிலேயே தேடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் தண்ணீர் விஷயம் இருக்கிறதே! கோயம்புத்தூர், சேலம், மதுரை நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தப்பில்லை.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கிறதா, சலான் நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்சியில் ஹைப்போதிகேஷன், அதாவது பேங்க் கடன் பதிவு, இருந்தால் பேங்கின் என்ஓசியும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். படிவம் 29, 30 கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் வைத்திருக்காதீர்கள். இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். ஷோரூம் வாசலில் காலியான ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ் இல்லை. வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டி.எச். ரோட்டில் திருவொற்றியூர் வரை போய்த் திரும்புங்கள். செடானில் சீட் தாழ்வு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஏறி இறங்கும்போதே தெரிந்துவிடும், அப்படியென்றால் இந்தப் பேச்சையே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் உங்கள் தெரு முனையில் ஒரே வளைவில் உள்ளே திருப்ப முடிகிறதா, முன்னே பின்னே எடுக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி நிறுத்தப்போகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பைக் எடுக்க வழி இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். இதெல்லாம் சரியாக வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் சேசிஸ் நம்பரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் நின்ற வண்டியை ஜனவரியில் புதுசு என்று தள்ளுவது இன்னும் நடக்கிறது.